சேர்மத்துக்குப் பெயர் வைப்பது: ஒன்றில் ‘டை’ வரும், இன்னொன்றில் ஏன் வராது?

கால்சியம் ஒன்றுக்குக் குளோரின் இரண்டு என்ற கணக்கில் சேர்ந்தால் ஒரு வெள்ளை உப்பு கிடைக்கிறது. அதன் பெயர் கால்சியம் குளோரைடு. கந்தகம் ஒன்றுடன் குளோரின் இரண்டு சேர்ந்தால் ஒரு சிவப்புத் திரவம் கிடைக்கிறது. அதன் பெயர் சல்பர் டைகுளோரைடு. இரண்டிலும் கணக்கு ஒன்றுக்கு இரண்டுதான். ஆனால் ஒன்றில் ‘இரண்டு’ என்று பொருள்படும் ‘டை’ இருக்கிறது, மற்றதில் இல்லை.

வேதியியல் படிக்கத் தொடங்குகிற பலருக்கும் முதலில் சலிப்பு தட்டுகிற இடம் இதுதான். “இப்படித்தான் விதி, மனப்பாடம் பண்ணிக்கொள்” என்று சொல்லிவிட்டால் அந்தச் சலிப்பு போகாது. விதிகளுக்குப் பின்னால் ஒரே ஒரு எண்ணம்தான் இருக்கிறது. அது பிடிபட்டால் மனப்பாடத்தில் பாதிக்கு மேல் தேவைப்படாது.

அந்த எண்ணம் இது. பெயரைக் கேட்டவுடன் அந்தச் சேர்மத்தில் எந்த அணு எத்தனை என்று ஒருவர் எழுதிவிட வேண்டும். அதற்கு என்ன தேவையோ அதைப் பெயர் சொல்லும். கணக்குப் போட்டுத் தானாகவே கண்டுபிடிக்க முடிந்ததைப் பெயர் சொல்லாது. கால்சியம் குளோரைடில் ‘இரண்டு’ என்பதை நாமே கண்டுபிடித்துவிடலாம், அதனால் பெயரில் அது இல்லை. கந்தகமும் குளோரினும் சேரும்போது அப்படிக் கண்டுபிடிக்க வழியில்லை, அதனால் பெயர் அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

இப்படி ஒரு ஒழுங்கு எல்லாக் காலத்திலும் இருந்ததில்லை. 18ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பிய வேதியியலாளர்கள் துத்தநாக ஆக்சைடைத் ‘துத்தநாகப் பூ’ என்றும், ஆன்டிமனி குளோரைடை ‘ஆன்டிமனி வெண்ணெய்’ என்றும், கந்தக அமிலத்தை ‘விட்ரியால் எண்ணெய்’ என்றும் அழைத்தார்கள். நம் மொழியிலும் மயில்துத்தம், நவச்சாரம், வெடியுப்பு என்று அழகான பெயர்கள் உண்டு. ஆனால் வெடியுப்பில் பொட்டாசியம், நைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றும் இருப்பதை அந்தப் பெயரிலிருந்து யாரும் ஊகிக்க முடியாது. 1787இல் பாரிஸில் கித்தோன் த மொர்வோ, லவாய்சியர், பெர்த்தொலே, ஃபூர்குருவா ஆகிய நால்வரும் சேர்ந்து, ஒரு பொருளின் பெயர் அது எதனால் ஆனது என்பதைச் சொல்ல வேண்டும் என்ற முறையை வெளியிட்டார்கள். சல்பேட், சல்பைட் போன்ற முடிவுகள் அங்கிருந்து வந்தவை. இன்று உலகெங்கும் பெயரிடும் விதிகளைப் பேணுவது, 1919இல் தொடங்கப்பட்ட தூய மற்றும் பயன்பாட்டு வேதியியலுக்கான பன்னாட்டு ஒன்றியம்.

முதலில் எந்த வகை என்று பாருங்கள்

பெயர் வைக்க உட்கார்ந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இதில் உலோகம் இருக்கிறதா?

உலோக அணுக்கள் எலக்ட்ரானை எளிதில் இழந்து நேர்மின் அயனிகள் ஆகின்றன. அலோக அணுக்கள் அந்த எலக்ட்ரானை வாங்கி எதிர்மின் அயனிகள் ஆகின்றன. இரண்டும் மின்கவர்ச்சியால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதுதான் அயனிப் பிணைப்பு. ஆகவே உலோகமும் அலோகமும் சேர்ந்தால், தொடக்க நிலையில், அதை அயனிச் சேர்மம் என்றே எடுத்துக்கொள்ளலாம். இரண்டுமே அலோகம் என்றால் யாரும் யாருக்கும் எலக்ட்ரானை முழுதாக விட்டுக்கொடுப்பதில்லை, பங்கிட்டுக்கொள்கிறார்கள். அது சகப்பிணைப்பு.

தனிம வரிசை அட்டவணையில் போரானிலிருந்து படிக்கட்டு போலக் கீழிறங்கும் கோட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு இடப்பக்கம் உலோகங்கள், வலப்பக்கம் அலோகங்கள். ஹைட்ரஜன் மட்டும் இடது மூலையில் உட்கார்ந்திருக்கும் அலோகம். சிலிக்கான், ஆர்செனிக் போல கோட்டை ஒட்டி இருப்பவற்றைப் பெயரிடும்போது அலோகங்களோடு சேர்த்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு விலக்கை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. அம்மோனியம் என்ற அயனியில் ஒரு நைட்ரஜனும் நான்கு ஹைட்ரஜனும் உண்டு. உலோகம் எதுவும் கிடையாது. ஆனாலும் அது +1 மின்சுமை கொண்ட நேர்மின் அயனி. ஆகவே அம்மோனியம் குளோரைடு, அம்மோனியம் நைட்ரேட் எல்லாம் அயனிச் சேர்மங்களே. ‘அம்மோனியம்’ கண்ணில் பட்டால் அதை ஒரு உலோகம் மாதிரி நடத்துங்கள், போதும்.

அயனிச் சேர்மம்: எண்ணிக்கை எங்கே போயிற்று?

எளிய அயனிச் சேர்மத்துக்குப் பெயர் வைப்பது இரண்டே படி. உலோகத்தின் பெயரை அப்படியே எழுதுங்கள். அலோகத்தின் பெயரை ‘ஐடு’ என்று முடியும்படி மாற்றுங்கள். குளோரின் குளோரைடு ஆகும், ஆக்சிஜன் ஆக்சைடு ஆகும், கந்தகம் சல்பைடு ஆகும், நைட்ரஜன் நைட்ரைடு ஆகும், பாஸ்பரஸ் பாஸ்பைடு ஆகும். சோடியம் குளோரைடு, மெக்னீசியம் ஆக்சைடு, அலுமினியம் ஆக்சைடு. முடிந்தது.

சரி, அலுமினியம் ஆக்சைடில் எத்தனை அலுமினியம், எத்தனை ஆக்சிஜன்? பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அட்டவணையின் 1ஆம் தொகுதியில், அதாவது முதல் செங்குத்து வரிசையில், உள்ள சோடியம், பொட்டாசியம் போன்றவை எப்போதும் +1. 2ஆம் தொகுதியின் மெக்னீசியம், கால்சியம், பேரியம் எப்போதும் +2. அலுமினியம் +3. மறுபக்கம் 17ஆம் தொகுதியின் குளோரின், புரோமின், அயோடின் ஆகியவை உலோகத்துடன் சேர்ந்தால் -1. ஆக்சிஜனும் கந்தகமும் -2. நைட்ரஜனும் பாஸ்பரஸும் -3. ஒரு சேர்மத்தில் மொத்த நேர்மின்சுமையும் மொத்த எதிர்மின்சுமையும் சமமாகி, நிகரமாகச் சுழியம் வர வேண்டும். +3க்கும் -2க்கும் பொதுவாக வரும் மிகச் சிறிய எண் 6. அப்படியென்றால் அலுமினியம் இரண்டு, ஆக்சிஜன் மூன்று. வேறு விடைக்கு இடமே இல்லை.

கால்சியம் குளோரைடிலும் இதே கணக்கு. கால்சியம் +2, குளோரைடு -1. எனவே குளோரைடு இரண்டு இருந்தால்தான் சமன் ஆகும். ‘டை’ என்று சேர்த்தால் தெரிந்ததையே திரும்பச் சொன்னதாகும்.

எண்ணிக்கையைச் சொல்லாமல் விடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, இதைப் பெரும்பாலும் வேகமாகக் கடந்துவிடுகிறோம். சோடியம் குளோரைடில் ‘ஒரு சோடியமும் ஒரு குளோரினும் கைகோத்த ஜோடி’ என்று எதுவும் இல்லை. உப்புப் படிகத்துக்குள் ஒவ்வொரு சோடியம் அயனியையும் ஆறு குளோரைடு அயனிகள் சூழ்ந்திருக்கின்றன, ஒவ்வொரு குளோரைடையும் ஆறு சோடியம் அயனிகள் சூழ்ந்திருக்கின்றன. படிகம் முடியும் வரை இந்த அடுக்கு நீண்டுகொண்டே போகும். எந்தக் குளோரைடு எந்தச் சோடியத்துக்குச் சொந்தம் என்று கேட்டால் பதில் கிடையாது. ‘ஒன்றுக்கு ஒன்று’ என்பது வெறும் விகிதம். மூலக்கூறே இல்லாத இடத்தில் மூலக்கூறில் எத்தனை அணு என்று பெயர் சொல்ல முடியாதல்லவா?

மின்சுமை மாறும் உலோகங்கள்

எல்லா உலோகமும் சோடியத்தைப் போல ஒரே மின்சுமையில் நிற்பதில்லை. இரும்பு +2 ஆகவும் இருக்கும், +3 ஆகவும் இருக்கும். செம்பு +1 அல்லது +2. வெள்ளீயமும் காரீயமும் +2 அல்லது +4. இப்போது ‘இரும்பு குளோரைடு’ என்று மட்டும் சொன்னால் கணக்குப் போட முடியாது. குளோரின் இரண்டா, மூன்றா? இங்கேதான் பெயர் கூடுதலாக ஒரு தகவல் சொல்லியாக வேண்டும். வகுப்பில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் இனிஷியல் சேர்த்துக் கூப்பிடுவது போலத்தான்.

அந்தத் தகவல் உலோகத்தின் மின்சுமை. உலோகத்தின் பெயரை ஒட்டி அடைப்புக்குறிக்குள் அதை எழுத வேண்டும். 1919இல் ஜெர்மன் வேதியியலாளர் ஆல்பிரட் ஸ்டாக் முன்வைத்த முறை இது. புத்தகங்களில் அந்த எண்ணை ரோமன் எண்ணாக அச்சிடுவார்கள், தேர்விலும் அப்படித்தான் எழுத வேண்டும். இந்தக் கட்டுரையில் படிக்க வசதியாக வழக்கமான எண்ணையே போடுகிறேன். இரும்பு(2) குளோரைடு என்றால் குளோரின் இரண்டு. இரும்பு(3) குளோரைடு என்றால் குளோரின் மூன்று.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இரும்பு(3) ஆக்சைடைப் பார்த்ததும் ‘மூன்று இரும்பு’ என்று எழுதத் தோன்றும். கூடாது. அடைப்புக்குறிக்குள் இருப்பது மின்சுமை, அணு எண்ணிக்கை அல்ல. இரும்பு +3, ஆக்சிஜன் -2, ஆகவே இரும்பு இரண்டு, ஆக்சிஜன் மூன்று. துருவின் செந்நிறத்துக்குக் காரணம் நீரேறிய இந்த ஆக்சைடுதான்.

வாய்ப்பாட்டிலிருந்து, அதாவது எந்த அணு எத்தனை என்று காட்டும் குறியீட்டிலிருந்து, பெயருக்கு வரும்போது கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். செம்பு இரண்டு, ஆக்சிஜன் ஒன்று என்று கொடுத்திருக்கிறார்கள். ஆக்சிஜனின் மின்சுமை நமக்குத் தெரியும்: -2. அதைச் சமன் செய்ய இரண்டு செம்பும் சேர்ந்து +2 தர வேண்டும், ஆளுக்கு +1. ஆகவே செம்பு(1) ஆக்சைடு, சிவப்பு நிறப் பொருள். செம்பு ஒன்று, ஆக்சிஜன் ஒன்று என்றால் செம்பு(2) ஆக்சைடு, கறுப்பு நிறப் பொருள். எப்போதும் எதிர்மின் அயனியிலிருந்து தொடங்குங்கள். உலோகம் மாறலாம், ஆக்சைடும் குளோரைடும் மாறுவதில்லை.

மருந்து அட்டைகளிலும் பழைய புத்தகங்களிலும் இதற்கு வேறு பெயர்கள் வரும். ஃபெரஸ், ஃபெரிக், குப்ரஸ், குப்ரிக், ஸ்டானஸ், ஸ்டானிக். ‘அஸ்’ என்று முடிந்தால் குறைந்த மின்சுமை, ‘இக்’ என்று முடிந்தால் அதிக மின்சுமை. இரும்புச்சத்து மாத்திரையில் வரும் ஃபெரஸ் சல்பேட் என்பது இரும்பு(2) சல்பேட். இந்தப் பழைய முறையின் பெரிய குறை, அது எண்ணைச் சொல்வதில்லை. ஃபெரஸ் என்றால் 2, குப்ரஸ் என்றால் 1. ஒவ்வொரு உலோகத்துக்கும் தனியாக நினைவில் வைக்க வேண்டும். புதிதாகக் கற்பவர் பழைய பெயரைப் பார்த்தால் புரிந்துகொள்ளும் அளவுக்குத் தெரிந்துவைத்துக்கொண்டு, எழுதும்போது எண் முறையிலேயே எழுதுவதுதான் என் பரிந்துரை.

எண்ணை விட்டுவிட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்குப் பாதரசம் நல்ல பதில். பாதரச(1) குளோரைடு நீரில் மிகமிகக் குறைவாகவே கரையும். காலமெல் என்ற பெயரில் அதை ஒரு காலத்தில் மருந்தாகவே கொடுத்தார்கள். இன்று கொடுப்பதில்லை. பாதரச(2) குளோரைடு நீரில் கரையும், உயிரைக் கொல்லும் கடும் நஞ்சு. ‘பாதரசக் குளோரைடு’ என்று மட்டும் ஒரு புட்டியில் எழுதுவது பொறுப்பற்ற செயல்.

துத்தநாகம் எப்போதும் +2, வெள்ளி பெரும்பாலும் +1. அட்டவணையின் நடுப்பகுதியில் இருந்தாலும் இவற்றுக்கு எண் எழுதும் வழக்கம் இல்லை. துத்தநாக ஆக்சைடு, வெள்ளி குளோரைடு என்றாலே போதும்.

பல்லணு அயனிகள்

சில அணுக் கூட்டங்கள் தமக்குள் சகப்பிணைப்பால் இறுகச் சேர்ந்து, மொத்தமாக ஒரு மின்சுமையோடு ஒரே அயனிபோல நடந்துகொள்ளும். இவற்றின் பெயரையும் மின்சுமையையும் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும், இங்கே மனப்பாடம் தவிர்க்க முடியாதது. ஆனால் தொடக்கத்துக்கு ஏழு எட்டு போதும். ஹைட்ராக்சைடு -1. நைட்ரேட் -1, ஆக்சிஜன் மூன்று. கார்பனேட் -2, ஆக்சிஜன் மூன்று. சல்பேட் -2, ஆக்சிஜன் நான்கு. பாஸ்பேட் -3, ஆக்சிஜன் நான்கு. கார்பனேட்டில் ஒரு ஹைட்ரஜன் ஒட்டிக்கொண்டால் ஹைட்ரஜன் கார்பனேட், -1. பிறகு முன்பே பார்த்த அம்மோனியம், +1.

பெயரிடும்போது இந்தக் கூட்டத்தைப் பிரிக்கவே கூடாது. கால்சியம் ஒன்று, ஹைட்ராக்சைடு இரண்டு என்றால் கால்சியம் ஹைட்ராக்சைடு. அலுமினியம் இரண்டு, சல்பேட் மூன்று என்றால் அலுமினியம் சல்பேட். இங்கேயும் ‘டை’, ‘ட்ரை’ வராது. மின்சுமைக் கணக்கே எண்ணிக்கையைத் தந்துவிடுகிறது.

‘ஏட்’ என்ற முடிவும் ‘ஐட்’ என்ற முடிவும் ஆக்சிஜன் கொண்ட அயனிகளைக் குறிக்கின்றன. ஒரே தனிமத்தில் ‘ஏட்’டை விட ‘ஐட்’டில் ஓர் ஆக்சிஜன் குறைவு, மின்சுமை அதேதான். சல்பேட்டில் நான்கு, சல்பைட்டில் மூன்று. நைட்ரேட்டில் மூன்று, நைட்ரைட்டில் இரண்டு. ‘ஏட்’ என்றாலே நான்கு ஆக்சிஜன் என்று பொது விதி எதுவும் இல்லை என்பதையும் இதிலேயே பார்த்துக்கொள்ளலாம். குளோரின் இந்தக் குடும்பத்தை இருபுறமும் நீட்டுகிறது. ஆக்சிஜன் ஒன்று இருந்தால் ஹைப்போகுளோரைட், இரண்டு குளோரைட், மூன்று குளோரேட், நான்கு பெர்குளோரேட். நான்கிலும் மின்சுமை -1. வெளுப்பானில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட்.

தமிழில் எழுதும்போது சல்பைடு, சல்பைட் இரண்டுக்கும் கடைசி எழுத்தில்தான் வேறுபாடு. கைதவறினால் பொருளே மாறிவிடும். சல்பைடு வெறும் கந்தக அயனி. சல்பைட், கந்தகத்தோடு மூன்று ஆக்சிஜன். வயிற்றை எக்ஸ்ரே எடுக்கும் முன் நோயாளிக்குக் குடிக்கக் கொடுப்பது பேரியம் சல்பேட். அது நீரில் கரையாது என்பதால் உடலுக்குள் போய் அப்படியே வெளியே வந்துவிடுகிறது. பேரியம் சல்பைடு அப்படியல்ல. வயிற்று அமிலத்தில் அது வினைபுரிந்து, நச்சுத்தன்மை உள்ள பேரியம் அயனிகளையும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவையும் விடுவிக்கும்.

இன்னொரு வகையையும் இங்கே சொல்லிவிடலாம். சில உப்புகள் படிகத்துக்குள் நீர் மூலக்கூறுகளைச் சேர்த்து வைத்திருக்கும். எத்தனை நீர் என்பதை மின்சுமையிலிருந்து கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் நீருக்கு மின்சுமையே இல்லை. கணக்கில் வராததால் அந்த எண்ணிக்கை மட்டும் பெயரில் வந்துவிடுகிறது. மயில்துத்தம் என்பது செம்பு(2) சல்பேட் பென்டாஹைட்ரேட், ‘பென்டா’ என்றால் ஐந்து. சூடாக்கினால் நீர் வெளியேறி அந்த நீலம் வெள்ளையாகும். ஒரே பெயருக்குள் செம்பின் மின்சுமைக்கு அடைப்புக்குறி எண்ணும், நீருக்கு முன்னொட்டும், சல்பேட்டுக்கு எதுவுமே இல்லாமலும் வருவதைக் கவனியுங்கள். மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்.

சகப்பிணைப்புச் சேர்மம்: எண்ணிச் சொல்லியே ஆக வேண்டும்

இரண்டு அலோகங்கள் சேரும்போது எலக்ட்ரான்களைப் பல விதமாகப் பங்கிட்டுக்கொள்ள முடியும். நைட்ரஜனும் ஆக்சிஜனும் இதற்குச் சரியான சாட்சி. இந்த இரண்டே தனிமங்கள் சேர்ந்து ஆறு நன்கு அறியப்பட்ட ஆக்சைடுகளைத் தருகின்றன. ‘நைட்ரஜன் ஆக்சைடு’ என்றால் அந்த ஆறில் எது? எந்த மின்சுமைக் கணக்கும் உதவாது. எண்ணிக்கையை நேரடியாகச் சொல்வதுதான் ஒரே வழி. அதற்கான முன்னொட்டுகள்: மோனோ 1, டை 2, ட்ரை 3, டெட்ரா 4, பென்டா 5, ஹெக்சா 6, ஹெப்டா 7, ஆக்டா 8, நோனா 9, டெக்கா 10.

இரண்டு தனிமங்களுக்கும் முன்னொட்டு சேர்க்க வேண்டும். இரண்டாவது தனிமம் ‘ஐடு’ என்று முடியும். முதல் தனிமம் ஒன்றே ஒன்று என்றால் ‘மோனோ’வை விட்டுவிடுவது வழக்கம், இரண்டாவதற்கு விடக்கூடாது. கார்பன் ஒன்று, ஆக்சிஜன் ஒன்று என்றால் கார்பன் மோனாக்சைடு. ஆக்சிஜன் இரண்டு என்றால் கார்பன் டைஆக்சைடு. ஆக்சைடுக்கு முன்னால் முன்னொட்டின் கடைசி உயிரொலி உதிர்ந்துவிடும்: மோனோ ஆக்சைடு என்று சொல்லாமல் மோனாக்சைடு, பென்டா ஆக்சைடு என்று சொல்லாமல் பென்டாக்சைடு. டை, ட்ரை இரண்டும் அப்படிச் சுருங்காது.

எந்தத் தனிமம் முதலில்? எலக்ட்ரானை இழுக்கும் தன்மை குறைவாக உள்ளது முதலில் வரும், அதிகமாக இழுப்பது இரண்டாவதாக வந்து ‘ஐடு’வைப் பெறும். அட்டவணையில் இடப்பக்கம், அல்லது கீழே இருப்பது பெரும்பாலும் முதலில் வரும். எல்லாவற்றையும் விட அதிகமாக இழுப்பது ஃபுளூரின். அதனால் ஆக்சிஜன்கூட அதற்கு முன்னால் நின்றுவிடுகிறது: ஆக்சிஜன் டைஃபுளூரைடு.

இப்போது அந்த நைட்ரஜன் குடும்பத்துக்குப் பெயர் வைத்துப் பாருங்கள். நைட்ரஜன் இரண்டு, ஆக்சிஜன் ஒன்று: டைநைட்ரஜன் மோனாக்சைடு, சிரிப்பூட்டும் வாயு என்று அறுவை மருத்துவத்தில் மயக்கத்துக்குப் பயன்படுவது. ஒன்றுக்கு ஒன்று: நைட்ரஜன் மோனாக்சைடு. நம் இரத்தக் குழாய்களைத் தளரச் செய்யும் செய்தியாளராக உடலிலேயே இது உருவாகிறது. அதைக் கண்டறிந்ததற்கு 1998இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஒன்றுக்கு இரண்டு: நைட்ரஜன் டைஆக்சைடு, பழுப்பு நிற நச்சு வாயு. இரண்டுக்கு மூன்று டைநைட்ரஜன் ட்ரைஆக்சைடு, இரண்டுக்கு ஐந்து டைநைட்ரஜன் பென்டாக்சைடு.

ஆறாவது, இரண்டுக்கு நான்கு. இதை நான் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. இரண்டுக்கு நான்கு என்பதைச் சுருக்கினால் ஒன்றுக்கு இரண்டு, அதாவது நைட்ரஜன் டைஆக்சைடின் விகிதமேதான். அயனிச் சேர்மம் என்றால் சுருக்கிவிடுவோம், அங்கே விகிதம் மட்டும்தான் பொருள். இங்கே சுருக்கக் கூடாது. டைநைட்ரஜன் டெட்ராக்சைடு தனி மூலக்கூறு, அதற்கு நிறமில்லை. பழுப்பு வாயுவைக் குளிர்வித்தால் மூலக்கூறுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து நிறம் வெளிறும், சூடாக்கினால் பிரிந்து பழுப்பு திரும்பும். விகிதம் மாறவே இல்லை, மூலக்கூறு மாறிவிட்டது, பெயரும் மாறித்தான் ஆக வேண்டும்.

பாஸ்பரஸ் பென்டாக்சைடு என்ற பெயரைப் பல இடங்களில் பார்ப்பீர்கள். இரண்டுக்கு ஐந்து என்ற விகிதம் மட்டும் தெரிந்திருந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. உண்மையில் அதன் மூலக்கூறில் நான்கு பாஸ்பரஸும் பத்து ஆக்சிஜனும் இருக்கின்றன. எண்ணிச் சொன்னால் டெட்ராபாஸ்பரஸ் டெக்காக்சைடு. பழைய பெயர் புழக்கத்தில் இருப்பதைத் தவறு என்று சொல்லமாட்டேன், ஆனால் அதை நம்பி வாய்ப்பாடு எழுதினால் மூலக்கூறு பாதியாகிவிடும்.

விதி நெகிழும் இடங்கள்

நீர், அம்மோனியா, மீத்தேன் ஆகியவற்றுக்கு அந்தப் பெயர்களே நிலைத்துவிட்டன. ஹைட்ரஜன் சல்பைடில் ஹைட்ரஜன் இரண்டு இருந்தாலும் ‘டை’ சேர்ப்பதில்லை, ஹைட்ரஜன் +1, சல்பைடு -2 என்று அயனிக் கணக்கே விடையைத் தந்துவிடுகிறது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பெயின்ட் டப்பாவில் டைட்டானியம் டைஆக்சைடு என்று இருக்கும், மின்கலத்தில் மாங்கனீசு டைஆக்சைடு. இரண்டுமே உலோகங்கள் அல்லவா? எண் முறையில் டைட்டானியம்(4) ஆக்சைடு, மாங்கனீசு(4) ஆக்சைடு என்று எழுதலாம். இரண்டு வகைப் பெயரும் ஏற்கப்பட்டவைதான், ஏனென்றால் இரண்டிலிருந்தும் ஒரே வாய்ப்பாடுதான் கிடைக்கும். இயற்கையில் அயனிப் பிணைப்புக்கும் சகப்பிணைப்புக்கும் நடுவே சுவர் எதுவும் இல்லை. வெள்ளீயம்(4) குளோரைடு உலோகம் கொண்டதுதான், ஆனால் அறை வெப்பநிலையில் தனித்தனி மூலக்கூறுகளால் ஆன திரவம். உலோகமா அலோகமா என்று பார்த்துப் பிரிப்பது பெயர் வைக்கத் தொடங்க உதவும் வசதியான பிரிவு, அவ்வளவுதான்.

அமிலங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எதிர்மின் அயனி ‘ஐடு’ என்று முடிந்தால் அமிலம் ‘ஹைட்ரோ’வில் தொடங்கி ‘இக்’ என்று முடியும்: குளோரைடிலிருந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம். ‘ஏட்’ என்றால் ‘இக்’: நைட்ரேட்டிலிருந்து நைட்ரிக் அமிலம். ‘ஐட்’ என்றால் ‘அஸ்’: நைட்ரைட்டிலிருந்து நைட்ரஸ் அமிலம். நீரில் கரையாமல் வாயுவாக இருக்கும்போது அது ஹைட்ரஜன் குளோரைடுதான், நீரில் கரைந்த பிறகே ஹைட்ரோகுளோரிக் அமிலம்.

போட்டுப் பார்க்கலாம்

மெக்னீசியம் மூன்று, நைட்ரஜன் இரண்டு. உலோகம் இருக்கிறது, மின்சுமை மாறாதது. எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம்: மெக்னீசியம் நைட்ரைடு.

குரோமியம் இரண்டு, ஆக்சிஜன் மூன்று. குரோமியத்தின் மின்சுமை மாறும். ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்து -6, இரண்டு குரோமியம் பகிர்ந்தால் ஆளுக்கு +3. குரோமியம்(3) ஆக்சைடு, பச்சை நிறமி.

கந்தகம் இரண்டு, குளோரின் இரண்டு. இரண்டும் அலோகம். ஒன்றுக்கு ஒன்று என்று சுருக்கிவிடாதீர்கள்: டைசல்பர் டைகுளோரைடு.

இப்போது பெயரிலிருந்து வாய்ப்பாட்டுக்கு. அம்மோனியம் பாஸ்பேட். அம்மோனியம் +1, பாஸ்பேட் -3. ஆகவே அம்மோனியம் மூன்று, பாஸ்பேட் ஒன்று. அணுக்களாக எண்ணினால் நைட்ரஜன் 3, ஹைட்ரஜன் 12, பாஸ்பரஸ் 1, ஆக்சிஜன் 4.

கடைசியாகக் கொஞ்சம் கடினமானது. பொட்டாசியம் ஒன்று, ஆக்சிஜன் இரண்டு. பொட்டாசியம் ஆக்சைடு என்று எழுதிவிட்டு நகரத் தோன்றும். கணக்கைப் போடுங்கள். ஆக்சிஜன் ஒவ்வொன்றும் -2 என்றால் மொத்தம் -4, பொட்டாசியம் +4 ஆக வேண்டும். பொட்டாசியத்துக்கு +1 தவிர வேறு எதுவும் கிடையாது. எங்கோ இடிக்கிறது. பொட்டாசியத்தை மாற்ற முடியாது, ஆகவே ஆக்சிஜன் பக்கம்தான் வேறு ஏதோ இருக்க வேண்டும். ஆம், அங்கே இருப்பது ஆக்சைடு அயனியே அல்ல. இரண்டு ஆக்சிஜன் ஒன்றோடொன்று பிணைந்து மொத்தமாக -1 சுமக்கும் ஒரு பல்லணு அயனி, அதன் பெயர் சூப்பராக்சைடு. சேர்மம் பொட்டாசியம் சூப்பராக்சைடு. மூச்சுக்காற்றில் உள்ள ஈரத்தையும் கார்பன் டைஆக்சைடையும் வாங்கிக்கொண்டு ஆக்சிஜனைத் திருப்பித் தரும் என்பதால், சுரங்க மீட்புக் குழுவினரின் சுவாசக் கருவிகளில் இதைப் பயன்படுத்துகிறார்கள்.